காவிரிக்கரையில் சிலுவை – 7: விபூதிப் புதனும் பங்குனி நிலவும்

பங்குனி மாதத்து ஆயில்ய நட்சத்திரத்தன்று திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருள்கிறார். அது கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம். பழைய சோழத் தலைநகரின் நெசவாளர் தெருக்கள் அன்று முழுக்க விழித்திருக்கும். அடுத்த சில நாளில் உத்திரம். திருவரங்கத்தில் ரங்கநாயகித் தாயாரோடு சேர்த்தி; வானத்தில் நிலா முழுவட்டம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் அதே நாட்களில் அம்மனே விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிற்றில் பூச்சொரிதலோடு தொடங்கும் பச்சைப் பட்டினி விரதம் 28 நாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை அம்மனுக்குப் படைப்பதில்லை. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர்தான். பக்தர்களுக்காகத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்று ஊர் நம்புகிறது.

திருச்சிராப்பள்ளிக் கத்தோலிக்கர்களின் நாற்பது நாள் தபசு காலமும் பெரும்பாலும் இந்த மாசி, பங்குனியோடுதான் வருகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவு எதுவோ, அதற்கு அடுத்த ஞாயிறு பாஸ்குத் திருநாள். சில ஆண்டுகளில் அது சித்திரைக்குத் தள்ளிப்போகும். மற்ற ஆண்டுகளில் பங்குனி உத்திரத்து நிலாவும் பாஸ்கு நிலாவும் ஒன்றே. 2024இல் மார்ச் 24 குருத்து ஞாயிறு, மறுநாள் பங்குனி உத்திரம், 31ஆம் தேதி உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு.

ரோமாபுரியின் நோன்பு வந்து இறங்கிய இடம் நோன்பறியாத நிலமல்ல. ஒரு வேளை உண்பது, புலால் தவிர்ப்பது, நெற்றியில் நீறணிவது, நிலவைப் பார்த்து நாள் குறிப்பது எல்லாமே இங்கே ஏற்கெனவே இருந்தன. சென்ற பகுதியில் சேசு சபையின் மதுரை மிஷன் தொடங்கியதைப் பார்த்தோம். அந்த மிஷனின் தபசு காலம் எப்படித் தமிழ்ச் சொல்லெடுத்து, தமிழ் உடம்பெடுத்தது என்பதும், ஒரு பிடி சாம்பலுக்காக ரோமாபுரி வரை வழக்கு போனதும் இந்தப் பகுதியின் கதை.

ஒருசந்தி என்னும் சொல்

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர், 1623இல் அங்கிருந்து வடக்கே கிளம்பினார். சேந்தமங்கலம், சேலம் என்று நடந்த அந்தப் பயணங்களின் தொடர்ச்சியாகத் திருச்சிராப்பள்ளியிலும் சிறு சபை ஒன்று உருவானது. காவி உடுத்தி, ஒருவேளைச் சோறும் காய்கறியும் உண்டு சந்நியாசியாக வாழ்ந்தவர் அவர். ஐரோப்பியக் கத்தோலிக்கர்கள் தபசு காலத்தில் மேற்கொண்ட ஒழுக்கத்தை அவர் ஆண்டு முழுக்கக் கடைப்பிடித்தார். இந்த மண்ணில் குருவென்று மதிக்கப்பட அதுதான் வழி என்று அவர் கண்டிருந்தார்.

1640 முதல் இன்னொரு வகைக் குருமாரும் வந்தார்கள். பிராமணச் சந்நியாசிக் கோலத்தில் இருந்தவர்களால் எல்லாச் சாதியாரோடும் பழக முடியவில்லை. ஆகவே பல்தசார் தா கோஸ்தா பண்டாரக் கோலம் பூண்டார். பண்டாரசுவாமிகள் என்று பெயர் பெற்ற அந்த வரிசைக் குருமாரே காவிரிக்கரைச் சிற்றூர்களுக்கும் சேரிகளுக்கும் வேதத்தைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு முன்னால் உபதேசியார்கள் போனார்கள். குரு ஆண்டுக்கு ஓரிருமுறை வந்துபோவார். ஊரோடு இருந்து செபம் சொல்லிக்கொடுத்து, நோன்பு நாளை நினைவூட்டி, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உபதேசியார்தான்.

இவர்கள் வாயில் புழங்கிய சொற்களைக் கவனிக்க வேண்டும். நோன்புக்கு லத்தீன் சொல்லையோ போர்த்துகீசியச் சொல்லையோ அவர்கள் கொண்டுவரவில்லை, 'ஒருசந்தி' என்றார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்காக ஒருவேளை உண்டு இருப்பவர்கள் இன்றும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். இறைச்சி விலக்குவதற்கு 'சுத்தபோசனம்'. நாற்பது நாளுக்குத் 'தபசு காலம்'. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்குப் 'பாடுபட்ட சுரூபம்'. பாவத்தைக் குருவிடம் சொல்வதற்குப் 'பாவசங்கீர்த்தனம்'. பாடு என்ற சொல்லில் உழைப்பும் வேதனையும் சேர்ந்தே இருக்கின்றன. நாளெல்லாம் வயலில் பாடுபட்டவனுக்கு, பாடுபட்ட சர்வேசுரனைப் புரியவைக்க அதற்குமேல் விளக்கம் எதற்கு?

பெருநாளின் பெயர் மட்டும் கடல் கடந்து வந்தது. எபிரேயரின் பெசாக், போர்த்துகீசியரின் பாஸ்கோவா ஆகி, தமிழில் பாஸ்கு ஆயிற்று. இதே திருச்சிக் கோட்டையில் 1766இல் கிறிஸ்து ஆலயம் கட்டிய சுவார்ட்ஸ் ஐயரின் வழிவந்த சீர்திருத்தச் சபையாரோ 'லெந்து நாட்கள்' என்கிறார்கள். அது ஆங்கிலச் சொல். எந்தச் சபை எந்த வழியாக வந்தது என்பதை அதன் நோன்பின் பெயரிலேயே படித்துவிடலாம்.

சொல் சேர்க்கும் வேலையும் இங்கேதான் நடந்தது. அந்தம் தெ புரோயென்சா என்னும் சேசு சபைக் குரு தமிழ்–போர்த்துகீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். முசிறிக்கு மேற்கே தொட்டியத்தில் 1666இல் இறந்துபோன அவர், அது அச்சேறியதைப் பார்க்கவில்லை. 1679இல் சேர நாட்டு அம்பலக்காட்டில் அது அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைத் தமிழுலகுக்குக் காட்டியவர் தனிநாயகம் அடிகள்.

ஓரியூரில் ஒரு விபூதிப் புதன்

தபசு காலத்தின் வாசல் ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகள் கர்த்தர் உயிர்த்த நாளின் நினைவு. அவை நோன்புக் கணக்கில் சேராது. அவற்றைத் தள்ளிவிட்டு நாற்பது நாளை எண்ணினால், பாஸ்குக்கு 46 நாள் முன்னால் வரும் புதனில் போய் நிற்கும். அன்று காலைப் பூசையில் குருவானவர் சாம்பலைத் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை இடுகிறார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புகிறவன் என்ற ஆதியாகம வாக்கின் அடையாளம் அது.

1693ஆம் ஆண்டில் பாஸ்குத் திருநாள் மார்ச் 22இல் வந்தது. கிரிகோரியன் நாட்காட்டிப்படி அதற்கு முன்னால் ஒரு நாள்கூட அது வர முடியாது. அந்த எல்லைத் தேதியில் அது விழுவது மிக அபூர்வம். ஆகவே அந்த ஆண்டு விபூதிப் புதன் பிப்ரவரி 4ஆம் தேதியே வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை, பாம்பாற்றங்கரை ஓரியூரில் ஒரு பண்டாரசுவாமி வெட்டிக் கொல்லப்பட்டார்.

லிஸ்பன் நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோவைத் தமிழர் அருளானந்தர் என்று அழைத்தார்கள். மறவர் சீமையின் தடியத் தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பல மனைவியரில் ஒருத்தியோடு மட்டும் வாழ்வதென்று முடிவு செய்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட, கிழவன் சேதுபதியின் ஆணையில் அருளானந்தர் ஜனவரியில் பிடிபட்டார். பிப்ரவரி 3ஆம் தேதி சிறையிலிருந்து கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள் முடிந்தது.

வேறெங்கும் கிறிஸ்தவர்கள் சாம்பலிட்டுக்கொண்ட அந்த நாளில் ஓரியூர் மணல் சிவந்தது. இன்றும் அங்கே போகிறவர்கள் அந்தச் செம்மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். காய்ச்சலென்றால் நெற்றியில் பூசுகிறார்கள். 1853இல் முத்திப்பேறு பெற்ற அருளானந்தருக்கு, 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம் கிடைத்தது. பிப்ரவரி 4 இன்று அவர் திருநாள்.

ஆவூரிலிருந்து ரோமாபுரிக்கு

அருளானந்தர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1697இல், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே ஆவூரில் ஒரு கோயில் எழுந்தது. கட்டியவர் வெனான்சு பூஷே. தமிழில் பெரிய சஞ்சீவிநாதர். திருச்சிக் கோட்டையில் இராணி மங்கம்மாள் ஆட்சி செய்த காலம். பிற சமயத்தாருக்கு இடங்கொடுத்த அந்த அரசியின் நிழலில் ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோயில் காவிரிக்கரைக் கத்தோலிக்கர்களின் தாய்க்கோயிலாக வளர்ந்தது.

பாஸ்குக்கு முந்தைய பெரிய வாரத்தில் அங்கே என்ன நடந்திருக்கும் என்பதற்குத் திருச்சபையின் சட்டமே சாட்சி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம், பாஸ்குக் காலத்தில் நற்கருணை என்பது 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்த கடமை. குருமாரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எனவே ஜனங்கள் நடந்தார்கள். கட்டுச்சோறும் பிள்ளைகளுமாகப் பல காதம் நடந்து, கோயில் வெளியில் தங்கி, பாவசங்கீர்த்தனத்துக்கு முறை வரும்வரை காத்திருந்தார்கள். கடவுளிடம் கணக்குத் தீர்க்கும் காலமாக இருந்த பாஸ்கு, சிதறிக் கிடந்த ஒரு ஜனம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நாளாகவும் ஆனது.

அந்த ஆவூர்க் குருவை ஒரு சாம்பல் வழக்கு ஐரோப்பா வரை இழுத்துக்கொண்டு போனது.

தத்துவ போதகர் காலத்திலேயே தொடங்கிய வழக்கு அது. குடுமி, பூணூல், சந்தனம், நீராட்டு இவை சாதி, குல அடையாளங்களா, வேற்றுச் சமய வழிபாடா என்ற கேள்விக்கு, 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர், மூடநம்பிக்கை கலவாமல் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று விடை தந்திருந்தார். எண்பது ஆண்டு கழித்து, 1703 நவம்பரில், ஷார்ல் தூர்னோன் என்னும் பாப்பரசரின் தூதுவர் புதுச்சேரியில் வந்திறங்கினார். நோயால் படுத்திருந்த அவர் உள்நாட்டு மிஷனுக்குள் ஒருநாளும் வரவில்லை. மிஷன் குருமாரான பூஷேயும் பெர்த்தோல்தியும் சொன்ன விவரங்களை வாங்கிக்கொண்டு, 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார்.

விதிகளில் ஒன்று சாம்பலைப் பற்றியது. சாணத்தைச் சுட்ட நீற்றைக் கிறிஸ்தவர் பூசக்கூடாது. ஆசீர்வதித்துக் கொடுக்கவும் கூடாது. திருச்சபை விதித்த விபூதிப் புதனன்று, அது விதித்த முறையில் இடும் சாம்பல் மட்டும் தொடரலாம்.

இரண்டு சாம்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பசுஞ்சாணத்தை உருட்டி, உலர்த்தி, உமியில் மூட்டம் போட்டு எடுப்பது திருநீறு. வெண்மையானது, மாவு போன்றது, நெற்றியில் மூன்று கோடாக விழும். விபூதிப் புதன் சாம்பலோ முந்தின ஆண்டுக் குருத்து ஞாயிற்றின் ஓலையைச் சுட்டது. குருத்தோலையைச் சிலுவையாக முடைந்து வீட்டுச் சுரூபத்தின் பின்னாலோ வாசல் நிலையிலோ செருகி வைப்பார்கள். ஓராண்டில் அது பழுத்து, காய்ந்து, பழுப்பேறும். தபசு காலத்துக்கு முன் அதைக் கோயிலுக்கு எடுத்துவந்து எரித்தால், கரேலென்று கரியோடு கலந்த தூள்தான் மிஞ்சும். வெற்றியின் ஓலை அடுத்த ஆண்டில் துக்கத்தின் சாம்பலாகிறது.

ஆணையை எதிர்த்து முறையிட பூஷேயும் இன்னொரு மிஷன் குருவான பிரான்சிஸ்கு லாய்னெசும் ரோமாபுரிக்குப் பயணமானார்கள். நெற்றிக்குறி இல்லாதவன் இந்நாட்டில் மங்கலமற்றவனாகவும் குலமற்றவனாகவும் பார்க்கப்படுவான். எங்கள் ஜனங்களைத் தெருவில் நிறுத்தாதீர்கள் என்பது மிஷன் தரப்பின் வாதத்தின் சாரம். வழக்கு நாற்பது ஆண்டு நீண்டது. 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் தூர்னோனின் ஆணையைப் பெரும்பாலும் உறுதிசெய்து வழக்கை முடித்தார். அதைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோமாபுரி நீக்கியது 1940இல்தான்.

தூர்னோன் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது; அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதி வரலாறு. நோயுற்ற பறையர்களின் குடிசைக்குள் நுழைந்து தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கக் குருமார் மறுக்கக் கூடாது என்பதும் அவர் ஆணையில் இருந்தது. பிராமணச் சந்நியாசி, பண்டாரசுவாமி என்று குருமாரையே பிரித்துவைத்த ஏற்பாடு, ஒரே பாஸ்கு அப்பத்தை உண்பவர்களைத் தனித்தனியே நிறுத்தியது. தமிழ்ச் சொல்லைத் தாராளமாக வாங்கிக்கொண்ட மிஷன், தமிழ்ச் சாதியையும் சேர்த்து வாங்கியது. அதன் வலியை இன்றும் தலித் கத்தோலிக்கர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சாம்பல் வழக்கில் ஆணை வென்றது. சொல் வழக்கில் ஜனங்கள் வென்றார்கள். அந்த நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'விபூதிப் புதன்' என்றுதான் பெயர் சொல்லி வந்தார்கள். இப்போது சாம்பல் புதன், திருநீற்றுப் புதன் என்றும் சொல்கிறார்கள். விலக்கப்பட்ட பொருளின் பெயர், திருச்சபை நாட்காட்டியின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

தாயின் அழுகை

ஆணையும் எதிர்வழக்கும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி என்னும் திருக்காவலூரில் ஒரு கவி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி என்ற வீரமாமுனிவர் அவர். 1726இல் சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். உபதேசியார்களுக்கென்று 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். தபசு காலத்துக்கு அவர் தந்த கொடை 'அன்னை அழுங்கல் அந்தாதி'. சிலுவையடியில் நின்ற தாயின் துயரம் அதன் பொருள்.

தமிழ் நாட்டில் சாவு வீட்டின் மொழி பெண்ணின் மொழி. மாரடித்து, கட்டிப்பிடித்து, செத்தவரின் பெருமையைச் சொல்லி அழும் ஒப்பாரியில்தான் ஊர் தன் துக்கத்தைத் தெரிந்துகொள்கிறது. பெரிய வெள்ளியின் மறைபொருளை வேதசாஸ்திரமாக விளக்குவதைவிட, மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகையாகச் சொன்னால் இந்த ஜனங்களுக்கு நேரே போய்ச் சேரும். வீரமாமுனிவர் அதைக் கண்டுகொண்டார்.

கடலுக்கு அப்பால் இன்னொருவரும் கண்டுகொண்டார். 1705இல் இலங்கைக்கு வந்த கோவாக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். கர்த்தருடைய பாடுகளைப் பகுதி பகுதியாகச் சொல்லும் அந்த நூலை யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தபசு காலத்தில் இராகமிட்டு வாசிப்பது வழக்கமானது. குரு இல்லாத ஊரிலும் புத்தகம் இருந்தால் தபசு காலம் நடந்தது.

இந்த அழுகையிலிருந்தே மேடையும் பிறந்தது. சிலுவைப் பாதையின் நிலைகள் பதினான்கு என்று 1731இல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் வரையறுத்தார். தமிழ்க் கிராமங்கள் அந்த நிலைகளைப் பாடியதோடு நிற்காமல் நடித்தும் காட்டின. அந்த நாடகத்துக்கும் பாஸ்கா என்றே பெயர். சிவகங்கைச் சீமையின் இடைக்காட்டூரில் இன்றும் அதைக் காண ஜனம் திரள்கிறது.

மணி மௌனமாகும் இரண்டு நாள்

இன்றைய திருச்சியில் மேலப்புதூர் மரியன்னை பேராலயமோ, பாலக்கரை சகாய மாதா பசிலிக்காவோ, தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயமோ, எங்கே போனாலும் பெரிய வாரத்தின் ஒழுங்கு ஒன்றுதான். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு. 2016 முதல் அதில் பெண்களும் உட்காரலாம் என்று பிரான்சிஸ் பாப்பரசர் வழிவிட்டார். அந்தப் பூசையின் உன்னத கீதத்தோடு கோபுர மணி நின்றுவிடும். அதன்பின் மரக்கட்டை தட்டும் ஓசைதான். பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. பீடத்தில் விரிப்பில்லை, விளக்கில்லை. பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. சிலுவை முத்திக்கு வரிசை நீள்கிறது. நாள் முழுக்க ஒருசந்தி.

அந்த ஒருசந்தியின் கணக்கும் மாறியிருக்கிறது. பழைய தலைமுறைக்குத் தபசு காலம் முழுவதும் நோன்பு. 1966 பிப்ரவரி 17இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர், கட்டாய நோன்பை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகக் குறைத்தார். குறைத்ததோடு, மிச்ச நாட்களைச் செபத்தாலும் தருமத்தாலும் நிரப்பும் பொறுப்பை ஒவ்வொருவர் மனச்சாட்சியிடமும் ஒப்படைத்தார். சிறுவர்கள் நாற்பது நாளும் உண்டியலில் சேர்க்கும் காசுக்கு வேர் இதுதான்: தன் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது இன்னொருவர் பசிக்குப் போகவேண்டும்.

இன்னொரு மாற்றம் பெரியது. 1951 வரை பாஸ்கு விழிப்புச் சடங்குகளைச் சனிக்கிழமை காலையிலேயே நடத்தினார்கள். வெயில் ஏறிய கோயிலில் இருளை வெல்லும் ஒளியைப் பாடவேண்டியிருந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அதை இரவுக்குத் திருப்பினார்; 1956 முதல் பெரிய வாரம் முழுமைக்கும் புதிய ஒழுங்கு வந்தது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவு திறந்தது.

அந்த இரவில் விளக்கெல்லாம் அணைந்து கிடக்கும். கோயிலுக்கு வெளியே மூட்டிய புதுத் தீயின் முன் குருவானவர் கனத்த பாஸ்காத் திரியைக் கையில் ஏந்தி, கூரிய கருவியால் மெழுகில் முதலில் சிலுவை கீறுகிறார். மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து, நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கம். ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கிறார். கிரேக்கத்தின் ஆல்பாவும் ஒமேகாவும் தமிழ்ச் செபத்தில் அகரமும் னகரமும் ஆகிவிட்டன. தமிழ் நெடுங்கணக்கின் முதலெழுத்தும் கடையெழுத்தும் அவை. நானூறு ஆண்டுக்கு முன் ஒருசந்தி என்ற சொல்லில் தொடங்கிய பயணம் மெழுகின்மேல் இரண்டெழுத்தாய் வந்து நிற்கிறது.

ஆவூரில் பூஷே எழுப்பிய கோயில் பின்வந்த போர்களில் அழிந்தது. இன்றிருக்கும் கோயில் 1747இல் உருவானது. பாஸ்குக் காலத்தில் அங்கே தேர் ஓடுகிறது. வடம்பிடிக்கச் சுற்றுவட்டாரத்து எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். ஆனால் அந்தக் கோயில் எழும்பி 26 ஆண்டில் சேசு சபையையே பாப்பரசர் கலைத்தார். 1773 முதல் 1837 வரை, அந்த 64 ஆண்டுகளில் ஆவூர்த் தேரின் வடத்தை யார் பிடித்தார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)